அப்பா சிங்களம் கதைத்த நாள்

விடியற்காலையில் கடற்கரை வீதியில் நடந்துவிட்டு மதிலில் குந்தியிருந்து மூச்சு வாங்கும் என் வயதுக்காரரே, ஆளுக்கொரு பள்ளிக்கூட நினைவு எழுதித் தரவேண்டும் என்று நீங்கள் தீர்மானித்தபோது என்னிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கேட்டால் எனக்கு மனம் நோகும் என்று நினைத்திருப்பீர்கள். நோகாது. உங்களில் டொக்டர் இருக்கிறார், எஞ்சினியர் இருக்கிறார், பள்ளிக்கூட அதிபராக இருந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். மூன்று பேர் நான் கட்டிய கட்டடத்தில்தான் குடியிருக்கிறீர்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாருக்கு ரெலிபோன் எடுக்கிறீர்கள் என்பதை நான் இங்கே எழுதத் தேவையில்லை.

இடியப்பத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டு லொட்ஜ் லொட்ஜாக ஏறி இறங்கியவள் நான். பிறகு ஒரு லொட்ஜைக் குத்தகைக்கு எடுத்தேன், பிறகு அதையே வாங்கினேன், பிறகு இடித்துப்போட்டு நாலு மாடி எழுப்பினேன். படித்த எஞ்சினியர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நாடியைத் தடவியபோது, படிக்கட்டு இந்தப் பக்கம் வராது தம்பி என்று சொன்னவளும் நான்தான். சொன்னபடியே வரவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்படக்கூடாது என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கவுமில்லை.

எனக்குப் பள்ளிக்கூட நாட்கள் குறைவு. குறைவாக இருந்தபடியால் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அதில் ஒரு நாளைத் தருகிறேன். ஏழாம் வகுப்பில் எங்களை யுத்த மயானத்துக்கும், கொழும்புக் கோட்டையில் கிளாக்கர்மார் இருந்து எழுதும் ஒரு அரசாங்கக் கந்தோருக்கும் கூட்டிக்கொண்டு போன நாள்.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஒரு பெரிய வீட்டின் பின்னால் இரண்டு அறையில் இருந்தோம். ரயில் போனால் தட்டில் இருக்கும் கோப்பைகள் நடுங்கும். அப்பா காலை ஆறரைக்கு வெள்ளை நீளக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் போட்டு, கையில் குடையும் மண்ணிறத் தோல் பையுமாக வெளிக்கிடுவார். முன்வீட்டு மாமி பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"கந்தோருக்கோ?"

"ஓம்."

அந்தத் தோல் பைக்குள் ஒரு காக்கி அரைக் காற்சட்டையும் ஒரு பழைய பனியனும் சோற்றுப் பார்சலும் இருந்தது முன்வீட்டு மாமிக்குத் தெரியாது. அப்பா ரயிலில் கோட்டை வரைக்கும் போவார். அங்கே இறங்கும் மற்றவர்கள் கந்தோர்களுக்குள் போக, இவர் பஸ் எடுத்துக் கொட்டாஞ்சேனையைத் தாண்டிப் போவார். அங்கே இரண்டாம் உலக யுத்தத்தில் செத்த பட்டாளத்தாரை அடக்கம் செய்த மயானம் இருந்தது. அப்பா அங்கே புல் வெட்டினார், பூஞ்செடி நட்டார், கல் கழுவினார். பின்னேரம் திரும்பவும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இந்த ஏற்பாடு முழுவதும் அம்மாவுடையது. அம்மாவின் மூளை எனக்குத்தான் வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அப்பாவின் காற்சட்டை மடிப்புக்குள் புல் இருந்தால் ஒழுங்கைக்குத் தெரியாமல் கிணற்றடியில் வைத்து உதறுவார். எலுமிச்சந் தோலால் நகங்களைத் தேய்த்துவிடுவார். அதைவிடப் பெரிய வேலை ஒன்று செய்வார். ஒரு மைப் போத்தல் வாங்கி வைத்திருந்தார். வீட்டில் எழுதுகிறவள் நான் ஒருத்திதான், எனக்கோ பென்சில். சலவைக்குப் போடுவதற்கு முதல் நாள் அப்பாவின் சேட்டுப் பொக்கற்றில் ஈர்க்கால் தொட்டு ஒரு சொட்டு நீல மை வைப்பார். சலவைக்காரர் வந்து, "என்னம்மா, ஐயாவின்ர பேனை இந்தக் கிழமையும் ஒழுகிப்போட்டுது" என்று ஒழுங்கைக்கே கேட்கும்படி சொல்லும்போது அம்மா சலித்துக்கொள்வதுபோல நிற்பார். அந்த முகத்தை நான் பிறகு எந்த வியாபாரியிடமும் காணவில்லை.

ஏன் இவ்வளவு பாடு என்று உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் கேட்கமாட்டீர்கள். எங்கள் ஆட்களுக்குள் கலியாணம் பேசினால் முதல் கேள்வி தகப்பன் என்ன உத்தியோகம் என்பதுதானே. கொழும்பில் கந்தோர் என்றால் பேச்சு மேலே போகும். வேறு எதைச் சொன்னாலும் தேத்தண்ணியோடு முடிந்துவிடும். விசாரிப்பதையும் கொழும்பில் விசாரிக்கமாட்டார்கள், ஊரில்தான் விசாரிப்பார்கள். ஊருக்கோ அப்பா யாழ்தேவி ரயிலில் வெள்ளை உடுப்போடு போய் இறங்கும் மனிதர். ஊர் என்ன சொல்லும்? கொழும்பில் கந்தோர் என்றுதான் சொல்லும்.

அக்காவுக்கு அந்த வருடம் இருபத்துநாலு வயது. இரண்டு பேச்சு வந்து குழம்பிவிட்டது. மூன்றாவதாக வந்த மாப்பிள்ளை மலைநாட்டில் வாத்தியார். அவருடைய தகப்பனும் கோட்டையில் ஒரு பெரிய கந்தோரில் உத்தியோகம் என்று தரகர் சொல்லியிருந்தார். அக்கா அந்த வாத்தியாரின் படத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சும் குழம்பினால் இனி ஒருவரையும் கூட்டிவரவேண்டாம், நான் இப்படியே இருந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியும் விட்டார். சொன்னால் செய்கிறவர்.

மாப்பிள்ளையின் தங்கை என் வகுப்பில், என் வாங்கில், எனக்குப் பக்கத்தில் இருந்தாள். தாயோடு பெண் பார்க்க வந்தபோது அப்பாவைக் கண்டிருக்கிறாள். அன்று அப்பா பட்டுக்கரை வேட்டி கட்டி, மூக்குக்கண்ணாடி போட்டு, ஆங்கிலப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். அம்மாதான் பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டவர்.

அந்த நேரத்தில்தான் சரித்திர ரீச்சர் எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு தந்து பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை காலை யுத்த மயானம், மத்தியானம் அரசாங்கக் கந்தோர். நான் துண்டை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்தேன். வாசித்து முடிந்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலத்தில் இருந்தார்.

"நான் போகேல்லை அம்மா. காய்ச்சல் எண்டு சொல்லுறன்."

"நீ போகாட்டில் அவள் போகாமல் விடுவாளே? போய்க் காணுவாள். இஞ்சருங்கோ, நீங்கள் அண்டைக்கு லீவு போடுங்கோ."

அப்பா தலையாட்டினார். ஆனால் அடுத்த நாள் வந்து முடியாது என்றார். வெளிநாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கல்லுகளைப் பார்வையிட வருகிறாராம். அந்தக் கிழமை ஒருவருக்கும் லீவு இல்லை.

"அப்ப மண்வெட்டி கத்தியள் வைக்கிற கொட்டிலுக்குள்ள இருங்கோ, பிள்ளையள் போகுமட்டும்" என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அவளைவிட்டு அசையாதை. கொட்டில் பக்கம் அவளைத் திரும்ப விடாதை. விளங்கிச்சோ? உன்ர அக்கான்ர வாழ்க்கை உன்ர கையில இருக்கு."

பன்னிரண்டு வயதில் என் கையில் தரப்பட்ட முதல் பொறுப்பு அது. நான் அதற்குப் பிறகு எத்தனையோ பேரின் கலியாண வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்திருக்கிறேன். அப்படி ஒரு பாரம் எனக்குப் பிறகு ஏறவில்லை.

வியாழக்கிழமை வாடகைக்கு எடுத்த சிவப்பு பஸ்ஸில் இருபத்தெட்டுப் பேர் ஏறினோம். கொள்ளுப்பிட்டி வரைக்கும் எல்லோரும் பாட்டு. நான் பாடவில்லை. பக்கத்தில் மாப்பிள்ளையின் தங்கையும் பாடவில்லை. அவளுக்கு பஸ் ஒத்துவராது என்று நினைத்தேன். கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது கோயில் மணி அடித்தது, முகத்துவாரப் பக்கத்துக் காற்றில் கருவாடு மணத்தது. பிறகு பஸ் நின்று கதவு திறந்ததும் உள்ளே வந்தது அப்பாவின் மணம். வெட்டிய புல்லின் மணம். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மூக்கைக்கூடச் சுருக்கவில்லை. அந்த மணம் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் அப்பா என்று அப்போதுதான் விளங்கியது.

நீங்கள் போய்ப் பார்க்கவேண்டிய இடம் அது. இவ்வளவு துப்புரவான புல் கொழும்பில் வேறு எங்கும் இருக்கவில்லை. வெள்ளைக் கல்லுகள் வரிசையாக, எல்லாம் ஒரே உயரம். ஒவ்வொரு கல்லின் அடியிலும் சின்னச் சின்னப் பூஞ்செடி. அரளிப் பூக்கள் விழுந்தபடி கிடந்தன. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அப்பா இங்கேதான் நாள் முழுக்க இருக்கிறார் என்பது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லமுடியாத சந்தோசம்.

ரீச்சர் ஒரு கல்லின் முன்னால் நின்று பாடம் எடுத்தார். நான் மாப்பிள்ளையின் தங்கையின் வலப்பக்கம் நின்றேன், ஏனென்றால் கொட்டில் வலப்பக்கம் இருந்தது. அவள் திரும்பினால் நானும் திரும்பினேன். ஒரு தடவை அவளுடைய பின்னலில் எறும்பு என்று சொல்லி முகத்தை இடப்பக்கம் பிடித்துத் திருப்பினேன். அரை மணித்தியாலம் எல்லாம் சரியாகத்தான் போனது.

பிறகு எங்கள் வகுப்புத் தலைவி மயங்கி விழுந்தாள். பருத்த உடம்பு அவளுக்கு, காலையில் சாப்பிடாமல் வந்திருந்தாள், வெயிலும் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. அவள் விழுந்த சத்தத்தில் காகங்கள் எழும்பின.

"தண்ணி," என்று ரீச்சர் கத்தினார். "ஆரும் இல்லையே இஞ்ச? தண்ணி கொண்டு வாங்கோ."

கொட்டில் கதவு திறந்தது. அப்பா வாளியும் எனாமல் கோப்பையுமாக ஓடி வந்தார். காக்கி அரைக் காற்சட்டை, கிழிந்த பனியன், தலையில் ஒரு பழைய தொப்பி. அவர் உள்ளேயே இருந்திருக்கலாம். மேற்பார்வை பார்க்கிறவர் வருமட்டும் பொறுத்திருக்கலாம். பிள்ளை ஒன்று விழுந்து கிடக்கிறது என்றதும் அவருக்கு அக்காவின் கலியாணம் மறந்துவிட்டது. அன்று எனக்கு அதில் வந்த கோபம் கொஞ்சமல்ல.

அப்பா வகுப்புத் தலைவியின் தலையை நிமிர்த்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, தொப்பியால் விசிறினார். அவள் கண் திறந்தாள்.

"ஐயாவுக்குத் தமிழ் தெரியுமோ?" என்று ரீச்சர் கேட்டார்.

அப்பா நிமிர்ந்தார். எங்கள் எல்லோரையும் பார்த்தார். என்னையும் பார்த்தார், எனக்குப் பக்கத்தில் நின்றவளையும் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்.

"தெமல தன்னே நே, நோனா."

தமிழ் தெரியாதாம். அப்பா சிங்களம் கதைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடையில்கூட அம்மாதான் பேசுவார். ஆனால் அன்று அப்பா பிறந்த நாளிலிருந்து சிங்களம் மட்டுமே பேசியவர்போல நின்றார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கோப்பையில் தண்ணீர் வார்த்தார். "துவ, என்ன. வத்துர பொன்ன." மகளே, வா, தண்ணீர் குடி. சிங்களப் பெரியவர்கள் எந்தப் பிள்ளையையும் மகள் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டுப் பேரையும் அப்படித்தான் கூப்பிட்டார். என் முறை வந்தபோது என்னையும் அதே குரலில் கூப்பிட்டார். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். அவருடைய விரல் நகத்துக்குள் பச்சை இருந்தது.

ரீச்சர் பாடத்தைத் தொடர்ந்தார். உயர்ந்த அதிகாரிகளுக்குப் பெரிய கல்லு, சாதாரண பட்டாளத்தானுக்குச் சின்னக் கல்லு என்றார். எங்களுக்கு முன்னால் எல்லாம் ஒரே அளவில் நின்றுகொண்டிருந்தன. ஒரு பிள்ளை அதைக் கேட்டும் விட்டாள். ரீச்சருக்கு முகம் சுருங்கியது. அப்பாவிடம் உடைந்த சிங்களத்தில் கேட்டார். எல்லாருக்கும் ஒரே கல்லுதான் நோனா, பெரியவன் சின்னவன் பார்க்கிறதில்லை என்று அப்பா சொன்னது எனக்கே விளங்கியது.

ரீச்சர் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "இந்தாளுக்கு என்ன தெரியும், புல்லு வெட்டுறவன். நான் சொல்லுறதை எழுதுங்கோ."

அப்பா தமிழ் விளங்காத மனிதர்போலத் தலையசைத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் ரீச்சர் சொன்னதை எழுதவில்லை. என் கொப்பியில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. ரீச்சர்மீது எனக்கு இப்போது கோபமில்லை. படித்தவர்களுக்கு அப்படி நடக்கும். எதிரில் நிற்பதைப் பார்க்க நேரமிருக்காது.

பஸ்ஸில் ஏறினோம். தப்பிவிட்டோம். காக்கியும் தொப்பியும் சிங்களமும் அப்பாவை மறைத்துவிட்டன என்று நினைத்தேன். சோற்றுப் பார்சலைப் பிரித்து முட்டையை முழுதாக வாயில் போட்டேன். அப்போதுதான் கவனித்தேன், மாப்பிள்ளையின் தங்கை பார்சலைப் பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. முட்டை என் தொண்டையில் நின்றது. கண்டுவிட்டாள். வீட்டுக்குப் போய்த் தாயிடம் சொல்லப்போகிறாள். அதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறாள்.

கோட்டையில் அந்தக் கந்தோர் நாலு மாடி, பெரிய தூண்கள். வகுப்பு முழுவதும் ஒரே ஒரு விசயத்துக்காகத்தான் வந்திருந்தது. அங்கே லிப்ட் இருந்தது. எங்களில் ஒருத்தியும் அதுவரை லிப்டில் ஏறியதில்லை. இப்போது என் கட்டடத்திலும் லிப்ட் இருக்கிறது, நீங்களே பொத்தானை அமுக்கி ஏறி இறங்குகிறீர்கள். அந்தக் காலத்தில் அதற்குள் ஒரு ஆள் நிற்பார். இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, ஒரு பிடியைத் திருப்பி, ஆட்களை ஏற்றி இறக்குவார்.

வாசல் படியில் மாப்பிள்ளையின் தங்கை என் கையைப் பிடித்து ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

"எடியே, எனக்கொரு உதவி செய்வியோ?"

"என்ன?"

"ஒருத்தரும் லிப்டில ஏறாமல் பண்ணு. நீ கதைச்சா ரீச்சர் கேப்பா."

"ஏன்?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "உன்ர அப்பா நல்லாச் சிங்களம் கதைக்கிறார், என்ன."

"எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எங்கட அப்பாவும் வெளியில என்னைக் கண்டா அப்பிடித்தான் பாக்கிறவர். தெரியாத பிள்ளையைப் பாக்கிற மாதிரி வலு கவனமாப் பாப்பார். உண்மையாத் தெரியாத ஆக்கள் அப்பிடிக் கவனமாப் பாக்கமாட்டினமடி."

"உங்கட அப்பாவை எங்க வைச்சுக் கண்டனி?"

அவள் நாடியால் உள்ளே காட்டினாள். "இஞ்சதான். லிப்டுக்குள்ள நிக்கிறார். எங்கட வகுப்புத் தலைவி எங்களுக்குப் பக்கத்து வீடு. கண்டாளெண்டா எல்லாம் முடிஞ்சுது."

நான் அவளை அரை நாளாகத் திருப்பித் திருப்பி நிறுத்தியவள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவளும் என்னைப்போலவே பயந்துகொண்டுதான் வந்திருக்கிறாள். எனக்கு அது தெரியவில்லை. என் பயத்தைத் தவிர வேறு ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

இனி என் கெட்டித்தனத்தைச் சொல்லவேண்டும். நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ விற்றிருக்கிறேன். லிப்டுக்காகத் துடித்துக்கொண்டிருந்த இருபத்தாறு பேருக்கு நாலு மாடிப் படியை விற்றவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

"ரீச்சர், லிப்டில போனா ஒரு கந்தோரும் பாக்கேலாது. இரும்புக் கதவும் சுவரும்தான் தெரியும். படியால போனா மாடிக்கு மாடி பாக்கலாம்."

"எனக்கு லிப்டில போகவேணும் ரீச்சர்," என்றாள் வகுப்புத் தலைவி. "நான் மயங்கினனான்."

"மயங்கின ஆளை லிப்டில ஏத்தினா திருப்பியும் மயங்கும். வயிறு மேல வரும். நடுவில நிண்டுதெண்டா ஆர் ரீச்சர் தண்ணி கொண்டு வாறது?"

ரீச்சருக்கு அது போதும். இன்னொரு மயக்கத்தைத் தாங்கும் நிலையில் அவர் இல்லை. "எல்லாரும் படியால. நீ மட்டும் கீழ இந்த வாங்கில இரு," என்று வகுப்புத் தலைவியிடம் சொன்னார். அந்த வாங்கு லிப்டுக்கு நேர் எதிரே கிடந்தது.

"தனிய விடக்கூடாது ரீச்சர். நாங்கள் ரெண்டு பேரும் பிடிச்சு மெல்ல மெல்ல ஏத்திக்கொண்டு வாறம்."

அவளுடைய எடையை நான் யோசிக்கவில்லை. இன்னொன்றையும் யோசிக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் லிப்டின் இரும்புக் கூடு நடுவில் இருந்தது, படிகள் அதைச் சுற்றிச் சுற்றித்தான் ஏறின. நாங்கள் இரண்டு பேரும் அவளை ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கிக்கொண்டு ஏற, கயிறு கிறீச்சிடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் அவளுடைய முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

"அங்க பார், பழைய பெரிய ஐயாமாரின்ர படம்."

"எல்லாம் ஒரே மீசையாத்தான் கிடக்கு."

"வடிவாப் பார். வித்தியாசம் இருக்கு."

இரண்டாம் மாடியில் லிப்ட் எங்களுக்கு நேரே வந்து நின்றது. உள்ளே காக்கி உடுப்பும் பித்தளைப் பொத்தானும் போட்ட மெலிந்த மனிதர். அவருக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒரு அதிகாரி இறங்குவதற்குத் தயாராக நின்றார். மெலிந்த மனிதர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். ஒவ்வொருத்தியையும் ஒரே அளவு, வலு கவனமாக. அவள் சொன்னது சரி. அது அப்பாவின் பார்வைதான். பிறகு பாதி திறந்த கதவைப் படாரென்று சாத்திப் பிடியைத் திருப்பினார். அதிகாரி ஆங்கிலத்தில் கத்தக் கத்த லிப்ட் மேலே போனது.

"ஆரடி அது கத்துறது?" என்றாள் வகுப்புத் தலைவி படங்களைப் பார்த்தபடி.

"பெரிய ஐயா ஒருத்தர். திரும்பாதை, கோவிப்பார்."

மேல் மாடியில் கந்தோரைப் பார்த்தோம். நீளமான மண்டபம், மேசை மேசையாகக் கிளாக்கர்மார். மேலே காற்றாடி சுற்ற, கடதாசிகள் பறக்காமல் இருக்கக் கண்ணாடிக் கல்லுகள். ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் தீக்குச்சியால் காது குடைந்தார். மூலையில் ஒருவர் கோப்பில் கன்னத்தை வைத்து நித்திரை. அம்மா ஈர்க்கால் மை தொட்டு வைத்தது இந்த வேலைக்காகத்தான். நானும் மாப்பிள்ளையின் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. ரீச்சர் இரண்டு பேரின் தலையிலும் குட்டினார். குட்டு வாங்கிக்கொண்டே சிரித்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சோற்றுப் பார்சலைப் பிரித்துக் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிய என் காதுக்குள் சொன்னாள். "உன்ர அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

"நீயும் உன்ர அம்மாவுக்குச் சொல்லாதை. எங்கட அப்பாவைப் பற்றியும், உங்கட அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியுமெண்டதையும்."

நாங்கள் பயந்தது அதுதான். மாப்பிள்ளையின் தகப்பன் லிப்டில் நிற்கிறவர் என்று தெரிந்தால் பேச்சைக் குழப்புகிற முதல் ஆள் என் அம்மாவாகத்தான் இருப்பார். அவளுடைய அம்மாவும் அப்படித்தான். ஒரே பொய்யைக் கட்டிக் காத்துக்கொண்டு இரண்டு கெட்டிக்காரிகள் ஒருத்தருக்கொருத்தர் பயந்திருக்கிறார்கள். அவர்களைவிட ஏழாம் வகுப்புக்காரிகள் இரண்டு பேருக்கு அன்று புத்தி கூட இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசல் படலையில் நின்றார். "அவள் கண்டவளோ?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டார். "இல்லை" என்றேன். பின்னேரம் அப்பா குடையும் பையுமாக வந்தார். முன்வீட்டு மாமிக்கு நேரே என்னிடம், "பயணம் எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டார்.

"நல்லது."

உள்ளே வந்த பிறகு மெல்லிய குரலில் இன்னொன்று கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு மயக்கம் தெளிஞ்சுதோ?"

"தெளிஞ்சுது அப்பா."

அவ்வளவுதான். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் நாள் வைக்க வந்தார்கள். இந்த முறை தகப்பனும் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, பளபளக்கும் சப்பாத்து. பொக்கற்றில் இரண்டு பேனை. அம்மாமார் இருவரும் உள் அறையில் பஞ்சாங்கத்தோடும் தரகரோடும் இருந்தார்கள். அக்கா குசினியில் ஒரு கரண்டியைப் பிடித்தபடி நின்றார், அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. வெளி அறையில் அப்பாவும் மாப்பிள்ளையின் தகப்பனும் தனியாக இருந்தார்கள். நானும் அவருடைய மகளும் திரைச்சேலைக்குப் பின்னால் நின்றோம்.

மாப்பிள்ளையின் தகப்பன் தொண்டையைச் செருமினார்.

"கந்தோரில வேலை கூடவோ?"

"பரவாயில்லை. உங்களுக்கு?"

"பரவாயில்லை."

ரயில் ஒன்று போனது. இரண்டு பேரும் அது போய் முடியுமட்டும் காத்திருந்தார்கள். முடிந்த பிறகும் ஒன்றும் வரவில்லை. அப்பாவுக்குப் பொய் அவ்வளவு நீளத்துக்குத்தான் வரும். கடைசியில் பெருமூச்சோடு தன்னையறியாமல் ஒரு வார்த்தை விட்டுவிட்டார்.

"பின்னேரமானா கால்தான் உளையுது."

கதிரையில் இருந்து எழுதுகிற மனிதனுக்குக் கால் ஏன் நோகவேண்டும்? பக்கத்தில் நின்றவளின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. சொன்ன பிறகுதான் அப்பாவுக்கும் விளங்கியது. கோப்பையை எடுத்தார், குடிக்காமல் திருப்பி வைத்தார்.

மாப்பிள்ளையின் தகப்பன் அப்பாவைப் பார்த்தார். கவனமாக அல்ல, சும்மா, ஒரு ஆளை ஆள் பார்ப்பதுபோல. பிறகு குனிந்து வலக்கால் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார்.

"எனக்கும்தான் அண்ணை," என்றார். "விடியத் தொடங்கினா நிண்டபடிதானே."

அப்பா எழும்பிப் போய் மூலையில் கிடந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்தார்.

"இதில தூக்கி வையுங்கோ."

அவர் தூக்கி வைத்தார். அப்பாவும் தன் கதிரையில் சாய்ந்து, அதே முக்காலியின் மற்றப் பக்கத்தில் தன் காலைத் தூக்கி வைத்தார். உள்ளேயிருந்து அம்மா, "அப்ப ஆவணியில நாள் வைப்பமோ?" என்று குரல் கொடுத்தார்.

"வையுங்கோ," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். குசினியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.